மன்னன் நகரும் தறியின் ஊரும்

ஓர் அரசு வீழுமானால் அதன் தலைநகரும் தேய்ந்து பாழாகும் என்று 14-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் விளக்கியுள்ளார். அதற்குச் சான்று தேடி நாம் அரபு நாடு செல்ல வேண்டுவதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரமே போதும்.

முதலாம் இராசேந்திர சோழன் அமைத்த அந்நகர் ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராய்த் திகழ்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் சோழராட்சி முடிந்தது, நகரும் ஒடுங்கியது. பெருங்கோயில் இன்றும் நிற்கிறது. அரண்மனையோ மண்ணுக்குள் மறைந்தது. மாளிகைமேடு என்னும் இடத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் 1980-81-இல் அகழ்ந்தபோது, செங்கற்சுவர்களின் அடிப்பகுதிகளும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. 2021 முதல் அங்கே மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. எஞ்சியவை இவ்வளவே. செங்கற்களைப் பின்வந்தோர் பெயர்த்துச் சென்றனர். கோயில் மதிலின் கற்களும் 1836-இல் கொள்ளிடத்துக் கீழணைக்குப் போயின. உட்கோட்டை, ஆயுதக்களம் முதலிய ஊர்ப்பெயர்களே பழைய நகரை நினைவூட்டுகின்றன.

நம் காஞ்சிக்கு இக்கதி நேரவில்லை. பல்லவர் மறைந்தனர்; சோழரும் விஜயநகரத்தாரும் வந்து சென்றனர்; ஊர் நிலைத்தது. கோயில்களும் கல்வியும் அதற்குத் துணை நின்றன என்பது உண்மையே. ஆயின் நெசவையும் மறத்தலாகாது. கங்கைகொண்ட சோழபுரம் எழுவதற்கு முன்பே, 10-ஆம் நூற்றாண்டின் உத்தம சோழன் செப்பேடு காஞ்சியில் நெசவாளர் வாழ்ந்த நான்கு சேரிகளைக் குறிப்பிடுகிறது. அரசன் போனாலும் தறி நிற்கவில்லை.

இன்று நாம் வாழும் பிள்ளையார்பாளையத்தில் அத்தறியே ஓய்ந்து வருகிறது. நெசவாளர் வீட்டு இளைஞர் பலர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குச் செல்கின்றனர். அவர்களைக் குறை கூறோம். அங்கே மாதந்தோறும் சம்பளம் வரும். இங்கே பல நாள் உழைத்துச் சேலையை முடித்த பின்னரே கூலி. தறிக்குழியை மூடித் தளம் போட்ட வீடுகளை நாமே கண்டிருக்கிறோம்.

கேட்பாருள்ள கைத்தொழில் வளரும், கேட்பாரற்றது அழியும் என்பதும் இப்னு கல்தூனின் கருத்தே. மண்ணைத் தோண்டினால் செங்கல் கிடைக்கலாம், பீங்கானும் கிடைக்கலாம். தந்தையிடமிருந்து மகன் கற்ற கைப்பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் எந்த அகழாய்விலும் கிடைக்காது. ஆகவே, நம் இல்லத்து நிக்காஹ்களுக்குப் பட்டு எடுக்கும்போது கைத்தறிச் சேலையையே கேட்டு வாங்குவோமாக! நெய்தவனின் உழைப்புக்குரிய விலையை மனமுவந்து கொடுப்போமாக!