சார்ஜ் லிஸ்ட்டில் வராதது

அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். சின்னமனூர் பக்கம் அவரை இப்போதும் 'வி.ஏ.ஓ. சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் அவர் உசிலம்பட்டிக்காரர். மானாவாரி தவிர வேறு விவசாயம் தெரியாமல் வந்தவர்.

1980 நவம்பர் 14-ம் தேதி எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு, பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. 1982-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அதன்பின் தேர்வெழுதி வந்த இளைஞர்களில் அப்பாவும் ஒருவர். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் மார்க்கைப் பார்த்து வேலை கொடுத்தது பெரிய விஷயம்தான்.

ஆனால் வேலை தெரிய வேண்டுமே! முல்லைப் பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது 14,707 ஏக்கர் இருபோக நெல். எந்த வயலை நிஜமாகவே யார் உழுகிறார்கள் என்பது கேள்வித்தாளில் வராது. அப்பா, வேலையிழந்த பழைய கணக்குப்பிள்ளை வீட்டுக்கே போய்விட்டார். முதல் நாள் மோர் மட்டும் கொடுத்து அனுப்பிய பெரியவர், மூன்றாம் முறை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினாராம்.

"தம்பி, அடங்கலை வீட்ல உக்காந்து எழுதாதீங்க. பட்டாவுல பேர் இருக்கிறவன் மதுரையில இருப்பான். நாத்து நட்டவ இங்க இருப்பா."

ஒரு வருஷம் மழையில் பயிர் சாய்ந்து நிவாரணம் வந்தது. மாமனார் பெயரிலேயே பட்டா கிடந்த நிலத்தில் பாடுபட்ட ஒரு விதவைக்கும் பணம் கிடைத்தது. அடங்கலில் அந்த அம்மாவின் பெயரை அப்பா எழுதியிருந்தார். இதெல்லாம் பணிப்பதிவேட்டில் ஏறாது. அங்கே ஏறுவது துறைத் தேர்வு, இன்கிரிமென்ட், விடுப்பு.

இப்போது என் சித்தப்பா மகள் இதே தாலுகாவில் வி.ஏ.ஓ. பி.இ. படித்தவள், குரூப் 4 எழுதி வந்தவள். கம்ப்யூட்டரில் அப்பாவைவிடப் பத்து மடங்கு வேகம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இடமாறுதலில் சார்ஜ் ஒப்படைக்கிறார்களே, அதில்தான் எனக்கு மனத்தாங்கல். 'அ' பதிவேடு, புலப்படம், மேசை, நாற்காலி வரை கையெழுத்து வாங்குகிறார்கள். ஊரைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தது மட்டும் பஸ் ஏறிப் போய்விடுகிறது. பழையவரும் புதியவரும் பத்து நாள் சேர்ந்து வயல் சுற்றட்டும் என்று உத்தரவு போட்டால், அரசாங்கத்துக்குப் பெட்ரோல் காசுதான் செலவு.

போன வாரம் ராத்திரி அவளிடமிருந்து போன். "பெரியப்பா, கடைமடையில ஒரே வயலை ரெண்டு பேரு தன் பயிர்ங்கிறாங்க. யாரைக் கேக்குறது?"

அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"யாரையும் கேக்காதம்மா. விடியக்காலை போ. யாரு தண்ணி கட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு பாரு."