தகட்டுக்கு நடுவே என்ன இருக்கிறது?

திண்டுக்கல் நாகல்நகர், நல்லாம்பட்டிப் பக்கத்துப் பட்டறைகளில் கொஞ்ச நேரம் நின்றாலே, அந்த ஊர்ப் பூட்டு வாங்கிய பெயருக்கான காரணம் கண்ணில் படும். லீவர்களை ஒவ்வொன்றாக வைஸில் இறுக்கி அரத்தால் ராவுகிறார்கள். சாவியை நுழைத்துத் திருப்பி, எங்கே உரசுகிறது என்று விரலால் உணர்ந்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி ராவுகிறார்கள். அச்சில் அடித்து எடுக்கும் பூட்டில் இந்தப் பொருத்தம் வருவதில்லை. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தக் கைவேலைக்காகத்தான். பூட்டோடு சேர்ந்து வளர்ந்த இரும்புப் பெட்டித் தொழிலிலும் இதே கைகளின் நேர்த்தியைப் பார்க்கிறேன். ஆனால் இந்தத் திறமை முழுவதும் திருடனை மனத்தில் வைத்து வளர்ந்தது. தீயிலிருந்து காப்பது வேறு வேலை. அதற்குத் தகட்டின் கனமும் பூட்டின் நுட்பமும் போதாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே நிரப்பியிருக்கும் பொருளில் எவ்வளவு நீர் கட்டுண்டு கிடக்கிறது என்பதே அங்கே கணக்கு.

இரும்பு வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும். வெறும் தகட்டுப் பெட்டியை நெருப்பு சூழ்ந்துகொண்டால் உள்ளே இருக்கும் பத்திரம் எரியச் சுடர் தொடவே வேண்டாம், சுவரின் சூடே போதும். காகிதம் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில் பற்றும், அதற்கு முன்பே பழுத்துக் கருகிவிடும். அதனால்தான் யூ.எல். 72 என்ற அமெரிக்கத் தரம், காகிதம் வைக்கும் பெட்டிக்குள் 177 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒரு மணி நேரச் சோதனையில் உலையின் வெப்பம் 927 டிகிரி வரை ஏறும். வெளியே அத்தனை சூடு, உள்ளே இவ்வளவுதான் என்றால் நடுவில் ஏதோ ஒன்று அதை விழுங்க வேண்டும். தகடுகளுக்கு நடுவே நிரப்பும் ஜிப்சம் அதைச் செய்கிறது. அதன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நீர், படிகத்தோடு பிணைந்த நீர். சூடேறும்போது அந்த நீர் பிரிந்து ஆவியாகிறது. ஆவியாகும் வரை வந்த வெப்பமெல்லாம் அந்த வேலைக்கே செலவாகிறது. நீர் தீர்ந்ததும் காப்பும் தீர்ந்துவிடும். ஆகவே ‘தீப்பிடிக்காத பெட்டி’ என்று ஒன்று கிடையாது. இத்தனை நிமிடம் தாங்கும் பெட்டி என்றுதான் உண்டு.

தூக்க முடியாத கனமுள்ள பெட்டி தீயையும் தாங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கனத்த இரும்பு சூடேறச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவே. மறுபக்கமும் உண்மை: மெல்லிய தகடும் தடித்த ஜிப்சமும் கொண்ட பெட்டி நெருப்பில் காகிதத்தைக் காக்கும், கடப்பாரைக்கு முன் நிற்காது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு சான்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். நகை வைக்கத்தானே பெட்டி, தங்கம் உருக 1064 டிகிரி ஆகுமே என்பது இதைவிட வலுவான வாதம். நகை மட்டும் வைப்பவருக்கு அது சரிதான். நம் வீடுகளில் நகைக்குப் பக்கத்திலேயே மூலப் பத்திரமும் கல்விச் சான்றிதழும் இருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். அடமானக் கடனுக்குப் போனால் வங்கி மூலத்தைத்தான் கேட்கும். பென் டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் இன்னும் மோசம். அவற்றுக்கான வரம்பு 52 டிகிரிதான். காகிதத்துக்கென்று செய்த பெட்டி அவற்றைக் காப்பாற்றாது.

கடைக்கு வருபவர் கதவைத் தட்டிப் பார்க்கிறார், அசைத்துப் பார்க்கிறார், எடை கேட்கிறார். அவர் காசு கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் இரும்புக்கு. நிரப்புப் பொருளைச் சரியாகக் கலந்து, இடைவெளி விழாமல் ஊற்றி, உலரவிடும் உழைப்பை யாரும் விலை பேசுவதில்லை. விலை இல்லாத வேலையில் தொழிலாளி நேரம் செலவிட முடியாது. கதவும் அப்படித்தான். சூடு புகும் முதல் வழி கதவின் இடுக்கு. விளிம்பைப் படிப்படியாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று அமர வைத்து, சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டையைப் பதிக்க வேண்டும். லீவரை மயிரிழை பிசகாமல் ராவும் கைக்கு இது எட்டாத வேலை இல்லை. உலைச் சோதனைக்கு ஆகும் செலவைச் சிறு பட்டறை தாங்காது என்ற மறுப்பு நியாயமானது. அதற்காகச் சோதனையைக் கைவிட முடியாது, பல பட்டறைகள் ஒரே வடிவத்துக்குச் சேர்ந்து செலவைப் பகிரலாம். சோதிக்காத பெட்டியைத் தீ தாங்கும் என்று விற்பது, வாங்குபவரின் வாழ்நாள் ஆவணங்களை வைத்து ஆடும் ஆட்டம்.

எனவே வாங்கும்போது கேட்க வேண்டியவை: எத்தனை நிமிடம், எந்தப் பொருளுக்கு, எந்தத் தரத்தின்படி சோதித்தது. நிரப்பிலுள்ள ஈரம் சாதாரண நாட்களிலும் கொஞ்சம் கசியும். தீயின்போது நீராவியாகவே உள்ளே வரும். காகிதங்களை இறுக மூடும் உறையில் போட்டே வைக்க வேண்டும். தீ அணைந்த கையோடு பெட்டியைத் திறக்கவே கூடாது. உள்ளே சூடேறிக் கிடக்கும் காகிதம் புதுக் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளக்கூடும். வெளித்தகடு ஆறினாலும் நடுவிலுள்ள நிரப்பு வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதுவும் ஆறும் வரை சாவியைத் தொடாமல் இருக்க வேண்டும்.