5 பவுணுக்குக் கீழ கார்ட் இல்லை

ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில ஒரு தமிழ்க்கடை.
கல்லாவில ஒட்டியிருக்கு: "5 பவுணுக்குக் கீழ கார்ட் இல்லை."
முன்னால நிண்ட தம்பிக்குக் கோபம். "இந்தக் காலத்திலயும் ஏன் அண்ணை?"
அண்ணை ஒண்டும் சொல்லேல்லை.

நான் சொல்லுறன்.

ஒவ்வொரு கார்ட் கொடுப்பனவுக்கும் கடைக்காரர் கட்டணம் கட்டவேணும். அதில கார்ட் குடுத்த வங்கிக்குப் போற பங்குக்கு 2015 டிசம்பரில இருந்து உச்சவரம்பு இருக்கு.
டெபிட்டுக்கு 0.2%, கிரெடிட்டுக்கு 0.3%.
ஆனா அதோட முடியிறேல்லை.
விசா, மாஸ்டர்கார்ட் கட்டணம் வேற. மெஷின் குடுத்தவையின்ர பங்கு வேற.
சில ஒப்பந்தத்தில ஒவ்வொரு தட்டுக்கும் இத்தினை பென்ஸ் எண்டு தனியா வெட்டுவினம்.
ஒரு பால் போத்தலில மிஞ்சுறதே சில பென்ஸ்தான்.

கார்டுக்கெண்டு சனத்திட்ட மேலதிகமா வாங்கவும் ஏலாது. 2018 ஜனவரி 13இல இருந்து சட்டம் அது.
அப்ப அந்தச் செலவு எங்க போகும்?
அரிசி, பருப்பு விலைக்குள்ளதான்.

பேர்ஸில சில்லறை எண்ணிக் குடுக்கிற அம்மம்மாவும் அந்த விலையைத்தான் கட்டுறா.
எங்கட கார்ட் பொயின்ற்ஸிலயும் கேஷ்பேக்கிலயும் அவவின்ர காசும் இருக்கு.
அது எனக்கு நெஞ்சில குத்துது.

சின்னச் சாமானுக்கெண்டாலும் எங்கட கடையளில காசு குடுப்பமே?
நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?