நெருப்பில்லாச் சூடு

புதுச்சேரி கோரிமேட்டில், திண்டிவனம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது, வீட்டுக் கிணற்று மோட்டாரிலிருந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் பெரிய மோட்டார்கள் வரை அங்கே பிரிந்து கிடக்கும், நான் எங்கள் மோட்டாரைக் கொடுத்துவிட்டு நிழலில் நின்றுகொண்டிருந்தபோது புது பேரிங் ஒன்றைச் சூடேற்றினார்கள், அதன் மேல் பூசியிருந்த எண்ணெய் லேசாகப் புகைந்தது. அந்த வாசனைதான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. இத்தனைக்கும் அங்கே நெருப்பில்லை, அடுப்பில்லை, மேசை மேல் சின்னதாக ஓர் இரும்புச் சட்டம், அதன் குறுக்கே கழற்றி மாட்டும் ஓர் இரும்புப் பாளம், பாளத்தில் பேரிங்கைக் கோத்துவிட்டுப் பையன் 110 என்று பொத்தானை அமுக்கினான், ஒரு ரீங்காரம் எழுந்தது, கொஞ்ச நேரத்தில் ‘பீப்’ என்றது, கையுறை போட்டு எடுத்துத் தண்டில் நழுவவிட்டான், போய் உட்கார்ந்துவிட்டது, அவன் செல்போனை எடுத்துக்கொண்டான்.

நடந்தது இவ்வளவுதான். சட்டத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மாறுமின்சாரம் ஓடுகிறது, டிரான்ஸ்பார்மரில் இரண்டாவது சுருள் இருக்க வேண்டிய இடத்தில் பேரிங் ஒற்றை வளையமாக நிற்கிறது, தனக்குள்ளேயே பாயும் மின்சாரத்தால் அது தானாகச் சூடாகிறது. 100 மில்லிமீட்டர் துளையுள்ள உருக்கு வளையம் 80 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர் விரியும், தண்டில் ஏற அது போதும், 120 டிகிரிக்கு மேல் விட்டால் பேரிங் கெட ஆரம்பிக்கும் என்பதால்தான் அந்த 110. கடைசியில் கருவியே பேரிங்கின் காந்தத்தையும் எடுத்துவிடுகிறது, இல்லையென்றால் பட்டறையிலுள்ள இரும்புத் தூளெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் எண்ணெய்த் தொட்டியில் போட்டு ஸ்டவ்வில் காய்ச்சுவார்கள், தெருவே நாறும்.

இதே வேலைக்கு என் தாத்தாவுக்கு ஒரு பகல் வேண்டியிருந்தது. அவருடையது கொல்லுப் பட்டறை, சாலை ஓரத்தில், பனை ஓலைக் கூரையும் கரிபிடித்த மண்சுவருமாக இருந்தது, மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் நாளில் தச்சாசாரியும் வந்துவிடுவார். குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் பூட்டிய கருவேலச் சக்கரத்தை மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள், பக்கத்தில் நாலரை அடி இரும்பு வளையத்தைக் கல் மேல் வைத்து, சுற்றிலும் வறட்டியும் தேங்காய் மட்டையும் அடுக்கிப் பற்றவைப்பார்கள், தாத்தா பக்கத்தில் குந்தியபடி யாரோடும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். இரும்பு மங்கலாகச் சிவக்கும்போது வளையத்தின் சுற்றளவு ஓர் அங்குலத்துக்கும் மேல் கூடியிருக்கும், தாத்தாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது, கீற்று ஓலை ஒன்றை நீட்டித் தொட்டுப் பார்ப்பார், அது பற்றும் வேகத்தை வைத்து “தூக்கு” என்பார். மூன்று பேர் குறடு போட்டுத் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்க, மரம் குபீரென்று பற்றிக்கொள்ளும், சம்மட்டியால் சுற்றி அடித்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, இரும்பு இறுகி ஆரக்கால் ஒவ்வொன்றும் நெறுநெறுவென்று மூட்டுக்குள் போய் அமரும், கருகிய கருவேலமும் நனைந்த சாணிச் சாம்பலும் சேர்ந்த அந்த ஆவி அன்றிரவு சோற்றில்கூட இருக்கும்.

பட்டறை எப்போதும் இருட்டாகவே இருக்கும், ஒரே ஜன்னலிலும் கோணிச் சாக்கு தொங்கும். சிறுவயதில் அது வறுமை என்று நினைத்திருந்தேன், இரும்பின் நிறத்தைப் பார்ப்பதற்குத்தான் அந்த இருட்டு. வெயிலில் சிவப்பு தெரியாது, அரிவாளுக்குத் துவைச்சல் கொடுக்கும்போது வைக்கோல் நிறம் வந்து, கத்தரிப்பூ நிறமாகி, மயில் கழுத்து நீலத்துக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்கே நிறுத்தித் தண்ணீரில் முக்குவது என்பதுதான் அவருடைய சொத்து. நிறம் பார்க்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும், பொடி மட்டை இடுப்பில் இருக்கும், வேலை முடியும் வரை ஒரு சிட்டிகை எடுக்கமாட்டார். அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. துருத்தி இழுத்தது ஆயா, வேலிக்காத்தான் கரிப்புகையில் வாழ்நாள் முழுக்க இருமிக்கொண்டிருந்தவள் அவள், தாத்தாவுக்கு வயதுக்கு முன்பே கண்ணில் புரை விழுந்தது, காலமெல்லாம் உலைக் கங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலாளர்களுக்கு அப்படி விழும் என்பது மருத்துவர்கள் வெகுகாலமாக அறிந்ததுதான்.

சம்மட்டி பிடித்த தோள் ஒருநாள் மேலே எழும்ப மறுத்தது, அப்பா அவரை ஜிப்மருக்கு அழைத்துப் போனார், நானும் போனேன். பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் ஊருக்குள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்து, 1964 ஜூலையில் இப்போதைய பெயரைப் பெற்று, எங்கள் கோரிமேட்டு மேட்டில் வந்து அமர்ந்த ஆஸ்பத்திரி அது, அப்போது அங்கே மரங்கள் இன்னும் சின்னவை, வராந்தாவில் பினாயிலும் செம்மண் புழுதியும் கலந்த வாசனை இருக்கும். தோளுக்கு ‘ஷார்ட் வேவ்’ வைக்கச் சொன்னார்கள். வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னதும் தாத்தா எழுந்து புறப்பட்டுவிட்டார், கல்யாணத்துக்குப் பின் கழற்றியதில்லையாம், உலோகம் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் சூடு குவிந்து தோல் வெந்துவிடும் என்று டெக்னீசியன் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் மடிந்தார், எனக்குப் பின்னால் திரும்பி நின்று அவிழ்த்துக்கொடுத்தார். தோளுக்கு முன்னும் பின்னும் இரண்டு தகடுகள், நடுவே துண்டு, சுவரோரத்தில் ஒரு பெட்டி, சத்தமேயில்லை. கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து, “நைனா, நெருப்பே இல்லாம உள்ள இருந்து சுடுதுடா” என்றார். காய்ச்சிய இரும்பு வெளியிலிருந்துதான் சூடேறும், நடுவரை சூடு இறங்கக் காத்திருக்க வேண்டும் என்பதை வாழ்நாளெல்லாம் பார்த்தவருக்கு இது திகைப்பாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பெட்டி வேலை செய்வது 27.12 மெகாஹெர்ட்ஸில், அதாவது தகடுகளுக்கிடையே மின்புலம் ஒரு நொடிக்கு ஐந்தரைக் கோடி முறைக்குச் சற்றுக் குறைவாகத் திசை மாறுகிறது, சதையிலுள்ள நீரும் உப்பும் அதோடு சேர்ந்து அலைக்கழிந்து சூடாகின்றன. இதே அலைவரிசையில்தான் ஆலைகளில் பிளாஸ்டிக் தாளை ஒட்டுகிறார்கள், மழைக்கோட்டின் தையலில்லாத் தையல், ரத்தப் பையின் ஓரம் எல்லாம் இப்படி ஒட்டியவையே, ஈர நூல்கண்டுகளை உள்ளிருந்து உலர்த்துவதும் இப்படித்தான். தாத்தாவின் தோளையும் நூல்கண்டையும் அந்த மின்புலம் ஒன்றாகத்தான் நடத்துகிறது.

நூல் என்றதும் பெரியப்பா வந்துவிடுகிறார். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு மில்லில், ஊர்க்காரர்கள் ரோடியர் மில் என்பார்கள், வொர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டியைக் காப்பியில் நனைத்தபடி என்னை எதிரே உட்காரவைத்துப் பிரெஞ்சுக்காரர்களின் பெருமை பேசுவார், அதில் அரசியல் இருக்காது, எல்லாம் சூட்டைப் பற்றியே இருக்கும். பூமி சுழல்வதை ஊசல் கட்டிக் காட்டிய ஃபூக்கோதான் 1855இல் காந்தத்தின் நடுவே சுழலும் செப்புத் தகடு சூடாவதைக் காட்டினார், ஆன்றி முவாசான் 1892இல் சுண்ணாம்புக் கட்டியைக் குடைந்து இரண்டு கரித்தண்டுகளை எதிரெதிரே நீட்டி, இடையே எழும் மின்வில்லில் 3,000 டிகிரிக்கும் மேலே சூடெழுப்பினார், உருகிய இரும்பில் கரியைக் கரைத்துத் திடீரெனக் குளிரவைத்து வைரம் செய்தேன் என்றார். வைரக் கதையைப் பெரியப்பா கடைசிவரை நம்பினார், பின்னால் வந்தவர்கள் நம்பவில்லை. 1900இல் எரூ அதே வில்லை உருக்கு உலையாக்கினார், இன்றைக்கு உலகில் பழைய இரும்பை உருக்கும் பெரிய உலைகள் பல அந்த வம்சம்தான். “நான் கையில புடிக்கிறதும் அதே வில்லுதான், என்ன, நம்மளுது கொசுறு” என்பார்.

அவருக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் நான் மில்லுக்குள் போயிருக்கிறேன். ரம்பப் பல் கூரையில் வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி பதித்து, நேர் வெயில் படாமல் வெளிச்சத்தை மட்டும் இறக்கியிருந்தார்கள், அந்த வெள்ளை வெளிச்சத்தில் பஞ்சு மிதந்துகொண்டிருக்கும், வெல்டிங் கம்பி எரிந்த காட்டமும் மின்பொறிக்கே உரிய கூர்மையான நெடியும் மூக்கில் ஏறும். பெரியப்பா முகமூடியைத் தூக்கிவிட்டு, தூக்குச் சட்டியை முகர்ந்து பார்த்துத்தான் திறப்பார். 2020இல் அந்த மில்லை மூடிவிட்டார்கள், இப்போது அந்தப் பக்கம் போகும்போது பார்க்க எதுவும் இல்லை என்பதால் வேறு வழியில் போகிறேன்.

பெரியப்பாவின் பட்டியலில் இல்லாத ஒருவர் ஃபாரடே, ஆங்கிலேயர் என்பதால் விட்டுவிட்டாரோ என்னவோ. லண்டனில் ஒரு கொல்லன் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே 1831இல் மின்தூண்டலைக் கண்டுபிடித்தார், கோரிமேட்டு பேரிங் சூடாவது அந்தக் கணக்கில்தான், ஆனால் அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு முன்பு அவர் இராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டது நம் உருக்கைப் பற்றி. இந்திய உருக்கில் என்ன இருக்கிறது என்று 1819இல் பகுத்துப் பார்த்தார், கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து அதைப்போல் செய்து பார்த்தார், முழுக்கப் பிடிபடவில்லை. அந்த உருக்கை மூடிய மண்குகையில் கரியோடு சேர்த்துக் காய்ச்சிய இடங்களில் ஒன்று பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவளூர், நமக்கு ஒன்றும் தூரமில்லை. தெற்கே பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பெரிய இரும்பாலையே கட்டினார், சேலத்து இரும்புக் கல்லை உருக்கச் சுற்றுவட்டாரக் காடுகளைக் கரியாக்கி, கரி எட்டாத தூரத்துக்குப் போனதும் ஆலையும் நொடித்தது. கொல்லன் மகன் கண்டுபிடித்த கரியில்லாச் சூடு அந்த நேரத்தில் வெறும் மேசைச் சோதனையாக இருந்தது, அதில் உருக்கு உருகத் தொடங்கியது 1900இல், ஸ்வீடனில்.

எங்கள் ஊர் எல்லையிலேயே அப்படி ஓர் உலையைப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் வந்தது, மின்கட்டணம் குறைவென்று ஒரு காலத்தில் புதுச்சேரிக்குத் தேடி வந்த உலைகளில் ஒன்று. உள்ளே போகும்போதே ஏமாற்றம், நான் எதிர்பார்த்த செந்தழல் எங்கும் இல்லை, தரை மட்டத்தில் ஒரு வட்ட வாய், அதைச் சுற்றிச் செப்புக் குழாய்ச் சுருள், சுருளுக்குள் தண்ணீர் ஓடுகிறது, குழாய் விண்டு அந்தத் தண்ணீர் உருக்கில் இறங்கினால் கூரை பறந்துவிடும் என்று சொல்லித் தள்ளி நிற்கவைத்தார்கள். கிரேன் காந்தத்தில் ஸ்கிராப் வந்து விழுகிறது, சைக்கிள் சட்டம், பூட்டு, கம்பி, 770 டிகிரிவரை அது காந்தத்துக்குக் கட்டுப்பட்ட இரும்பு, அதைத் தாண்டினால் காந்தகுணம் போய்விடும் என்று 1895இல் சொன்னவர் பியர் கியூரி, பெரியப்பா இருந்தால் அவரையும் பட்டியலில் சேர்த்திருப்பார். உருகியதும் மின்காந்தமே அதைக் கிளறுகிறது, நடுவில் உருக்கு, படியில் அளக்கும் நெல் போலக் குவிந்து நின்று சுழல்கிறது. ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 600 யூனிட் என்றார் மேலாளர், நெய்வேலியில் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே பழுப்பு நிலக்கரி எரிகிறது, ஆயாவின் புகை அங்கே குடிபோயிருக்கிறது, அங்கே யார் இருமுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

உலைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பெயரை எல்லோரும் மறந்துவிட்டு ‘மேஸ்திரி’ என்றே கூப்பிட்டார்கள். பலகையில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவர் அவற்றுக்கு முதுகு காட்டி நின்று, நீலக் கண்ணாடியைப் பிடித்து உலைக்குள் பார்த்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. “ஆயிரத்து அறுநூத்தி இருவது” என்றார், யாரிடமும் சொல்லாமல். பிறகு பையன் நீளக் கம்பியின் நுனியில் காகிதக் குழல் செருகி உருக்கில் முக்கினான், சில நொடியில் 1,606 என்று காட்டியது. மேஸ்திரி எண்ணைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், “டிப்பு ஈரமா கெடந்திருக்கு, வேற போட்டு முக்குடா” என்றார்.