முப்பதும் மூன்றும்

கடதாசி ஆட்டங்களில் ராசாவுக்கு மதிப்புக் குறைந்த ஆட்டம் ஒன்று யாழ்ப்பாணத்தாருக்கு உண்டு: முன்னூற்றிநாலு. ஏழுக்குக் கீழுள்ளவற்றைக் கழித்தால் 32 தாள். சோடி சோடியாக நால்வர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2; எட்டும் ஏழும் வெறுந்தாள். இனமொன்றுக்கு 76, நான்குக்கும் 304. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பில் ஜாக்கும் ஒன்பதுமே தலை. எங்கள் ஆடுதன், கலாவரை என்பனவும் அவர்களின் ஹார்ட்டன், கிளாவர்தான்.

முதல் நாலு தாளைப் பார்த்தே கேட்கவேண்டும். ஓரினத்து ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் துணியலாம். நாலும் ஆசாக இருந்தாலும் பயமே. எதிராளியின் ஜாக்கும் ஒன்பதும் அவற்றைத் தின்றுவிடும். கவிழ்த்து வைத்த துரும்போ எந்த ஜாக்கையும் வெட்டும். எதிரே இருக்கும் சோடிக்காரர் தன் பத்தை நம் பிடியில் போட்டால்தான் கேட்ட புள்ளி தேறும்.

1995 ஒக்டோபர் இறுதியில் ஊர் பெயர்ந்தபோது கொழும்புத்துறையிலிருந்து நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். பள்ளிக்கூட விறாந்தையில் பெரியவர்கள் விரித்த கட்டில் கலாவரை ஜாக் இல்லை. கழித்த ஐந்தொன்றில் பேனையால் 'ஜாக்' என்று எழுதினார்கள். காசு வைக்காத ஆட்டம். வீடுவாசலை விட்டுவந்த நால்வரும் அந்த ஐந்துக்கு முப்பது புள்ளி கொடுத்தார்கள். ஒருநாளும் ஒருவரும் மறுக்கவில்லை.

சீட்டென்றாலே சூது என்று சில பெற்றோர் முகஞ்சுளிப்பார்கள். ஆனாலும் கூட்டல் படிப்பிக்கையில் அந்த 76ஐத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன். "ராசாவுக்கு ஏன் சேர் மூன்று?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "ஆடுகிற நாலுபேரும் ஒத்துக்கொண்டதால்" என்பேன்.