குரலும் கருத்தும்

மறைந்தவர் புதிய பாடல் பாட இயலுமா? வேடிக்கையாகத் தோன்றும் இவ்வினா நம் தமிழ்த் திரையிசையிலேயே எழுந்துவிட்டது. 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில், 1997-இல் மறைந்த சாகுல் ஹமீதின் குரலும் 2022-இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலும் ஒலித்தன. அவர்கள் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளைத் தரவுகளாகக் கொண்டு செயற்கை நுண்ணறிவு அக்குரல்களை வடித்தது. குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக ஏ. ஆர். ரகுமான் தெரிவித்தார்.

செவிக்கு இனித்தால் போதாதா, பாடல் பிறந்த வழியை ஏன் ஆராய வேண்டும் என்பர் சிலர். அதில் ஓரளவு உண்மை உண்டு. திருவருட்சாதனத்தின் பயன் அதை நிறைவேற்றும் குருவின் தகுதியைச் சார்ந்ததன்று என்றே குருமடத்தில் நாமும் கற்றோம். ஆனால் அதே பாடத்தில் மற்றொன்றும் கற்றோம்: தகுதி குறையலாம், திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்து இல்லாமற்போகலாகாது.

நாம் வாழும் திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்துக்கென நெய்யும் திரியும் 2,668 அடி உயர மலைமேல் சுமந்து செல்லப்படுகின்றன. மின்விளக்கு ஒன்றை அங்கு நிறுத்தினாலும் ஒளி தெரியும். எனினும் அதைத் தீபமென்று கைகூப்புவார் யார்? மக்கள் காண்பது ஒளியை மட்டுமன்று. சுமந்து ஏறிய கால்களையுமே.

இசையும் அத்தகையதே. 2024 சனவரியில் பாடகி பவதாரிணி காலமானார். நோயுற்றிருந்த தமக்கை நலம்பெற்றதும் பாடவைக்கலாம் என்று எண்ணியே யுவன் சங்கர் ராஜா 'சின்னச் சின்னக் கண்கள்' பாடலுக்கு இசையமைத்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இறப்புச் செய்தி வந்தது. பின்னர் கருவியின் துணையால் அக்குரல் 'கோட்' படப் பாடலில் சேர்ந்தது. இதை அறியாமல் கேட்பவருக்கு அது இனிய பாடல். அறிந்து கேட்பவருக்கோ ஒரு தம்பியின் இரங்கல். ஒலி மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

கருவிக்குக் கருத்தில்லை, அதை ஏவியவருக்கு உண்டு. ஆகவே அப்பாடலில் பேசுபவர் பவதாரிணியல்லர், அவரை நினைக்கும் தம்பியே. வழியை மறைக்காமல் அவர் சொன்னதே அதை அஞ்சலியாக்கிற்று. குடும்பத்தாரின் இசைவு குரலைப் பயன்படுத்த உரிமை தரலாம். இறந்தவரின் விருப்பத்தைத் தர இயலாது. பிடிக்காத வரியைப் பாடமாட்டேன் என்று மறுக்கும் உரிமையை அவர் இழந்துவிட்டார்.

நாளை நம் பங்கிலும் ஒருவர் வந்து, நினைவுநாளில் தாயின் குரலிலேயே ஆறுதல்மொழி ஒன்றை உருவாக்கி ஒலிக்கச் செய்யலாமா என்று கேட்கக்கூடும். அன்னை பாடிச்சென்ற பழைய ஒலிநாடா இருந்தால் இல்லத்தில் எல்லாரும் அமர்ந்து கேளுங்கள் என்போம். அவர் சொல்லாததை அவர் குரலில் சொல்லவைப்பது வேண்டாம். நீங்களே பாடுங்கள், தொண்டை அடைத்தாலும் பாடுங்கள்.