திரும்பி வந்த காசோலை

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் பயிலும் எங்களில் நால்வருக்கு, கோவை மருதமலைச் சாலையிலுள்ள அரசு சட்டக் கல்லூரியில் சேர ஆசை. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமோ எங்களுக்கு வெறும் மதிப்பெண்ணாகவே இருந்தது.

சோமனூரில் விசைத்தறி ஓட்டும் எங்கள் தோழியின் தந்தைக்கு நெசவுக் கூலியாகக் கிடைத்த காசோலை, கணக்கில் பணமில்லை என்று திரும்பியது. சிஸ்டர் அவர்கள் எங்களையே அறிவிப்பு எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். 1988-இல் சேர்க்கப்பட்ட 138-ஆம் பிரிவைப் புரட்டினோம். வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டுமாம். நாட்காட்டியில் எண்ணினால், அன்று 28-ஆம் நாள்! (கணக்கில் புலிகள் என்று எங்களுக்குப் பெயர் வேறு.)

வழக்கறிஞர் அம்மா எங்கள் நகலில் பாதியை அடித்துவிட்டு, மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பினார். பணம் கொடுக்க 15 நாள் கெடு. தோழி சரியாகச் சாப்பிடவே இல்லை. 14-ஆம் நாள் பாதித் தொகை வந்தது. மீதிக்கு வழக்குப் போட்டிருக்கிறார்கள்.